அம்மாவை உட்கார வைக்காதீங்க

கொஞ்சம் நீளமான இழை. கொஞ்சம் காரமாவும் இருக்கும். முதல் திட்டு எனக்குத்தான், அதனால பொறுத்துக்கிட்டு கடைசி வரை படிங்க.

என் ஓ.பி.யில அடிக்கடி பார்க்குற காட்சி இது. அறுபத்தஞ்சு, எழுபது வயசுல ஒரு அம்மா. அவங்களை நாற்காலியில உட்கார வச்சுட்டு மகனோ மகளோ பக்கத்துல நின்னு பேசுவாங்க. "கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்குறாங்க டாக்டர். ஞாபக சக்திக்கு நல்ல மாத்திரையா எழுதிக் கொடுங்க."

"பகல் முழுக்க அம்மா என்ன செய்றாங்க?"

பதில் பெருமையா வரும். "ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட விடுறதில்ல டாக்டர். காலம் பூரா உழைச்சவங்க. நல்லா ரெஸ்ட்ல வச்சிருக்கோம்."

அந்த ரெஸ்ட்தான் பிரச்சினை. நீங்க பாசம்னு நினைச்சுக் கொடுக்குற ஓய்வு உங்க அம்மாவோட மூளைக்கு நல்லது செய்யல. இதை இன்னிக்கு சண்டை போட்டாவது சொல்லிடணும்னு உட்கார்ந்திருக்கேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். டிமென்ஷியாங்கிறது வயசான மறதி கிடையாது. பெரிய மார்க்கெட்டுக்குப் போயிட்டு கொத்தமல்லி வாங்க மறந்து வந்தா அது மறதி, எனக்கும் உண்டு. நாப்பது வருஷமா போற அதே பெரிய மார்க்கெட்ல இருந்து வெளிய வர வழி தெரியாம ஒருத்தர் நின்னா, அது டிமென்ஷியாவா இருக்கலாம். "வயசானா அப்படித்தான்" என்று சொல்லி அதைக் கடந்து போகக் கூடாது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது என்று 2023-ல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

இதுல எவ்வளவு தடுக்க முடியும்? லான்செட் இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொன்னது. பிறப்பு முதல் முதுமை வரை அவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால், கொள்கை அளவில் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. படிப்பு இல்லாமை, காது கேளாமை, கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தலைக்காயம், ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் பருமன், புகை, மது, தனிமை, காற்று மாசு, சரிசெய்யாத பார்வைக் குறைவு, உடல் அசைவு இல்லாமை. பதினாலும் வந்துடுச்சு.

இதுல உடல் அசைவு இல்லாமையின் பங்கு மட்டும் எவ்வளவு தெரியுமா? 2 சதவீதம்.

"அவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு நீள இழை?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. காது கேளாமைக்கு 7, கெட்ட கொழுப்புக்கு 7, தனிமைக்கு 5, மனச்சோர்வுக்கு 3 என்று அதே அறிக்கையில இருக்கு. காகிதத்துல இவை தனித்தனி வரிகள். ஒரு வீட்டுக்குள்ள அப்படி இல்ல. நடை நின்ன அம்மாவுக்கு என்ன ஆகுது பாருங்க: சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், எடை கூடும். தெருவுல நாலு பேரைப் பார்க்குறது நிக்கும். மனசு சோர்ந்து போகும். யாரோடயும் பேசாததால காது கேக்கலங்கிறதே ஒரு வருஷம் கழிச்சுத்தான் வீட்டுல தெரியும். அம்மாவை உள்ள உட்கார வைக்குற ஒரே ஒரு முடிவு, அந்தப் பட்டியல்ல ஆறேழு வரியைச் சேர்த்து இழுத்து விடுது. எங்க அம்மா விஷயத்துல அந்த முடிவை எடுத்தவன் நான்.

எங்க வீடு முத்தியால்பேட்டையில. அம்மா தினமும் காலையில மணிக்கூண்டு மார்க்கெட்டுக்கு நடந்து போவாங்க. வெள்ளிக்கிழமைன்னா மணக்குள விநாயகர் கோயில்; லட்சுமி யானை இருந்த வரைக்கும் அதுக்கு ஒரு வாழைப்பழமும் கையில இருக்கும். ஒரு மழை நாள்ல தெருவோர வாய்க்கால் மூடி உடைஞ்சிருந்ததுல கால் வச்சு விழுந்தாங்க. மணிக்கட்டு எலும்பு முறிஞ்சுது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டுப் பிரிச்ச அன்னிக்கு நான் போட்ட உத்தரவு: "இனிமே நீ வெளிய போக வேணாம்மா. என்ன வேணுமோ போன் பண்ணா வீட்டுக்கே வந்துடும்." சமையலுக்கு ஆள் வச்சோம். நல்ல பிள்ளைன்னு தெருவே பாராட்டுச்சு. அம்மாவும் எதுத்துப் பேசல. அன்னிக்கு எதுத்துப் பேசியிருக்கலாம்னு இப்போ தோணுது.

ஒன்றரை வருஷத்துல எட்டு கிலோ கூடினாங்க. சர்க்கரை மாத்திரை ஒண்ணு ரெண்டாச்சு. சீரியல் ஓடிக்கிட்டே இருக்கும், என்ன கதைன்னு கேட்டா தெரியாது. ஒரு நாள் சாம்பார்ல ரெண்டு தடவை உப்பு போட்டாங்க (அன்னிக்கு சமையல்காரம்மா லீவு). நாங்க எல்லாரும் சிரிச்சோம். ஊருக்கெல்லாம் டிமென்ஷியா பத்தி வகுப்பெடுக்குற ஆளு நான். நானும்தான் சிரிச்சேன்.

அப்புறம் சோதிச்சப்போ பி12 குறைவா இருந்துச்சு, மனச்சோர்வு தெளிவா இருந்துச்சு, நினைவுத் திறன்ல லேசான சரிவும் இருந்துச்சு. உட்கார வச்சதாலதான் இது வந்ததுன்னு என்னால நிரூபிக்க முடியாது. ஒரே ஒரு நோயாளியை வச்சு எந்த டாக்டரும் அப்படிச் சொல்லக் கூடாது. ஆனா மூளைக்குக் கெடுதல்னு பாடப்புத்தகத்துல இருக்குற ஒவ்வொண்ணையும் என் கையாலயே வீட்டுக்குள்ள கொண்டுவந்து வச்சேன். அதை மறுக்க முடியாது.

இப்போ மனசு. நம்ம ஊர்ல உடற்பயிற்சின்னா தொப்பை, சர்க்கரை, ஹார்ட் அட்டாக். மனசுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டுன்னு சொன்னா, ஏதோ தத்துவம் பேசுற மாதிரி பாக்குறாங்க. 1999-ல் அமெரிக்காவில், மனச்சோர்வு இருந்த 50 வயதுக்கு மேற்பட்ட 156 பேரை மூன்று குழுவாகப் பிரித்து 16 வாரம் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒரு குழுவுக்கு மனச்சோர்வு மாத்திரை, ஒரு குழுவுக்கு இரண்டும். மாத்திரை கொஞ்சம் வேகமாக வேலை செய்தது. ஆனால் 16 வார முடிவில் மூன்று குழுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேறியிருந்தது. (இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நிறுத்தாதீங்க. நிறுத்துறதுன்னா உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான்.)

நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு. ஆள் அடையாளம் தெரியாத மாதிரி விவரத்தை மாத்தியிருக்கேன். 1898-ல் தொடங்கின ஏ.எஃப்.டி. மில்லு, நம்ம பெரியவங்க ரோடியர் மில்லுன்னு சொல்றது, 2020-ல் முழுசா மூடப்பட்டுச்சு. அங்க முப்பது வருஷம் தறியில நின்னவர் ஒருத்தரை மகன் கூட்டிட்டு வந்தார். "அப்பாவுக்கு எதுவும் ஞாபகம் இல்ல, டிமென்ஷியா மாத்திரை வேணும்." நான் அவர்கிட்ட இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டேன். "என்ன கிழமையா இருந்தா எனக்கென்ன டாக்டர்?" என்றார். டிமென்ஷியா இருக்குறவர் பெரும்பாலும் தப்பா ஒரு கிழமை சொல்லிச் சமாளிக்கப் பாப்பார். இவர் பதில் சொல்லவே விரும்பல.

அது மனச்சோர்வு. மறதி வேஷத்துல வந்த மனச்சோர்வு. மில்லு இருந்த வரைக்கும் சைக்கிள் மிதிச்சார், நின்னு வேலை பார்த்தார், ஷிப்ட் முடிஞ்சு டீக்கடையில நாலு பேரோட சண்டை போட்டார். மில்லோட சேர்த்து உழைப்பு, கூட்டம், நேரம் மூணும் போச்சு. சம்பளம் போனதைப் பத்தி எல்லாரும் பேசினாங்க. மத்ததைப் பத்தி யாரும் பேசல. மாத்திரை கொடுத்தேன். கூடவே பழைய சைக்கிளைத் துடைச்சு காத்தடிச்சுக் கொடுக்கச் சொன்னேன், விடியக்காலையில டீக்கடை வரைக்கும். ஆறு மாசத்துல கிழமை மட்டுமில்ல, டீக்கடைக்காரர் பாக்கி வச்ச ரெண்டு ரூபா சில்லறையும் ஞாபகத்துக்கு வந்துடுச்சு.

சரி, "நடங்கம்மா" என்று சொல்லிட்டா போதுமா? எங்க நடக்குறது?

இங்கதான் எனக்கு நம்ம ஊர் மேலயே கோபம். புதுச்சேரியை நடக்கத் தோதான ஊர்னு உலகமே சொல்லுது. நேர் நேரா வீதி, நிழல், கடல். பீச் ரோட்டுல மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி கிடையாது. பழைய லைட் ஹவுஸ், காந்தி சிலை, டூப்ளே சிலை, அலைச் சத்தம். ஒன்றரை கிலோமீட்டர் சொர்க்கம், நான் மறுக்கல. ஆனா அந்த ஒன்றரை கிலோமீட்டருக்கு வர்றவங்க எப்படி வர்றாங்க? பைக்லயும் ஸ்கூட்டியிலயும். வண்டியை நிறுத்திட்டு நடந்து, மறுபடி வண்டியேறிப் போறோம். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, நெல்லித்தோப்புலயோ முதலியார்பேட்டையிலயோ லாஸ்பேட்டையிலயோ இருக்குற, ஸ்கூட்டி ஓட்டத் தெரியாத ஒரு எழுபது வயசு அம்மாவுக்கு அந்த சொர்க்கம் எதுக்கு உதவும்? அவங்களுக்குத் தேவை வீட்டு வாசல்ல இருந்து ஐந்நூறு மீட்டர் விழாம நடக்குற மாதிரி ஒரு ஓரம். அந்த ஓரத்துல இப்போ டூவீலர், கடைப் பலகை, டிரான்ஸ்பார்மர், மூடியில்லாத வாய்க்கால். காமராஜ் சாலையைக் குறுக்கே கடக்க எனக்கே ரெண்டு நிமிஷம் தைரியம் சேர்க்க வேண்டியிருக்கு.

பழைய புதுச்சேரி வீடுகளுக்கு இது தெரிஞ்சிருந்தது. வைசியாள் வீதியில இன்னும் சில வீட்டு முகப்பைப் பாருங்க: தெருவைப் பார்த்த தாழ்வாரம், அதுக்குள்ள திண்ணை. வயசானவங்க உட்கார்ந்தாலும் தெருவுலதான் உட்கார்ந்திருந்தாங்க. போறவங்க வர்றவங்க எல்லாரோடயும் பேச்சு. எழுந்து நாலு வீடு தள்ளிப் போய் வர்றது. நாம திண்ணையை இடிச்சு கார் நிறுத்தினோம், முன்னாடி ஆளுயர கேட்டு போட்டோம், அம்மாவை ரெண்டாவது மாடியில லிஃப்ட் இல்லாத பிளாட்ல வச்சோம். அப்புறம் தனிமைக்கு ஆலோசனை கேட்டு என்கிட்ட வர்றோம்.

ஆம்பளைங்களுக்காவது ஏதோ ஒண்ணு இருக்கு. நம்ம சொல்தாக்கள், பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ஓய்வு பெற்று வந்தவங்க, சாயந்திரம் இரும்புக் குண்டு உருட்டி பெத்தாங் ஆடுறதைப் பாத்திருப்பீங்க. எந்தக் குண்டு பக்கத்துல விழுந்துச்சுன்னு அரை மணி நேரம் சண்டை. நின்னு, குனிஞ்சு, குறி பார்த்து, கணக்குப் போட்டு, சிரிச்சு. மூளைக்கு இதைவிட நல்ல மருந்தை என்னால எழுதித் தர முடியாது. ஆனா அந்த மைதானத்துல அவங்க வீட்டுப் பெண்களை நான் அதிகம் பார்த்ததில்ல.

இந்த ஊர்ல வயசான பெண்கள் உடற்பயிற்சி செய்றதை வெளிப்படையா, வழக்கமாக்கி வச்ச ஒரே பெரிய இடம் ஆசிரமம்தான். அவங்க தத்துவம் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். எனக்கு அந்த விவாதம் இப்போ வேண்டாம். நரைச்ச முடியோட, வெள்ளை அரைக்கால் சட்டையில, பெண்கள் மைதானத்துக்குப் போறதை நாம சின்ன வயசுல வேடிக்கை பார்த்தோம், கேலியும் பண்ணியிருக்கோம். டிசம்பர் 2-ஆம் தேதி அவங்க வருடாந்திர உடற்பயிற்சி நிகழ்ச்சியில பேத்தி வயசுப் பிள்ளைகளும் பாட்டி வயசுக்காரங்களும் ஒரே மைதானத்துல நிப்பாங்க. அந்தக் கேலிக்கு இப்போ நான் வெக்கப்படுறேன்.

இப்போ அந்த வரிக்குத் திரும்ப வர்றேன். டிமென்ஷியா பெண்களிடம் அதிகம். பெண்கள் நீண்ட காலம் வாழ்வது, அந்தத் தலைமுறைப் பெண்களுக்குப் படிப்பு மறுக்கப்பட்டது எல்லாம் இதில் உண்டு. 2022 கணக்குப்படி, போதிய உடல் அசைவு இல்லாதவர்கள் இந்திய ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். காலையில 5.30-க்கு ஐயா ஷூ மாட்டிட்டு பீச்சுக்குக் கிளம்புறார். திரும்பி வரும்போது காபி சூடா இருக்கணும். அதைப் போடுறது யாரு?

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே டாக்டர்?" என்று ஆண்கள் மட்டும்தான் என்கிட்ட கேக்குறாங்க. உலக சுகாதார நிறுவனமே எல்லா அசைவும் கணக்குல சேரும்னு சொல்லுது, சரி. மூச்சு கொஞ்சம் வாங்குற அளவுக்குப் பெருக்கித் துடைச்சா அது நிச்சயமா கணக்கு. ஆனா நின்ன இடத்துல ரெண்டு மணி நேரம் தோசை சுடுறது கால் வலி, உடற்பயிற்சி இல்ல. அதுல தோழியும் கிடையாது, வெளிக்காத்தும் கிடையாது. அதே சமயம், அஞ்சு வீட்டுல பாத்திரம் தேய்ச்சுட்டு நடந்தே வீடு போற அக்காவுக்கு நடைப்பயிற்சி பத்தி வகுப்பெடுக்குற டாக்டரைக் கண்டா எனக்கே எரிச்சல் வரும். அவங்களுக்கு வேண்டியது பிரஷர் செக்கப்பும் ஒரு நாள் லீவும்.

ஞாபக சக்தி மாத்திரைக்கு வருவோம். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் டிமென்ஷியா அபாயத்தைக் குறைப்பதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. உடல் அசைவைப் பரிந்துரைத்தது. பி வைட்டமின், ஈ வைட்டமின், மீன் எண்ணெய் வகைக் கொழுப்பு, எல்லாம் கலந்த சத்து மாத்திரை ஆகியவற்றை இந்த நோக்கத்துக்காகப் பரிந்துரைக்கக் கூடாது என்றது. குறைபாடு இருந்தா பி12 கொடுக்கணும், எங்க அம்மாவுக்குக் கொடுத்தேன். அது வேற. குறைபாடே இல்லாம மாசா மாசம் வாங்குற பளபள டப்பாவைத்தான் சொல்றேன். அந்தக் காசுக்கு ரெண்டு மூணு மாசத்துல ஒரு நல்ல ஷூ வந்துடும்.

என் துறைக்காரங்களுக்கும் பங்கு இருக்கு. சீட்டோட கடைசியில "வாக்கிங்" என்று கோழி கிறுக்குன மாதிரி ஒரு வார்த்தை. எவ்வளவு, எங்க, யாரோட, முட்டி வலிக்கு என்ன செய்றதுன்னு ஒண்ணும் கிடையாது. மாத்திரையை இப்படி எழுதினா கம்பவுண்டரே சிரிப்பார்.

எதிர்க்கேள்வி கேக்குறவங்களுக்கு. ஆமா, உடற்பயிற்சி எல்லாத்தையும் சரி பண்ணிடாது. பிரிட்டனில் ஏற்கனவே டிமென்ஷியா வந்த 494 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் வந்தது: உடற்பயிற்சியால் உடல் தகுதி கூடியது, ஆனால் அறிவாற்றல் சரிவு குறையவில்லை. லண்டன் அரசு ஊழியர்களை 28 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. நோய் கண்டறியப்படுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பிருந்தே அவர்களின் நடமாட்டம் குறையத் தொடங்கியிருந்தது. அதாவது உட்கார்ந்ததால் நோயா, நோய் உள்ளே வந்ததால் உட்கார்ந்தார்களா என்பது சுலபமான கேள்வி இல்லை.

இன்னொரு பக்கம், 2011-ல் அமெரிக்காவில் 120 முதியவர்களைப் பிரித்து ஓராண்டு பார்த்தார்கள். வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை நடந்தவர்களுக்கு நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதானது. வெறும் தசை நீட்டும் பயிற்சி செய்தவர்களுக்கு அது சுருங்கியது. பின்லாந்தில் 1260 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர் சர்க்கரைக் கண்காணிப்பு நான்கையும் சேர்த்து இரண்டாண்டு கொடுத்தபோது, அறிவாற்றல் சோதனையில் மற்ற குழுவைவிட மேலாக இருந்தார்கள். ஆக, நடந்தா டிமென்ஷியா வராதுன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. வர்ற வாய்ப்பு குறையலாம், வர்ற வயசு தள்ளிப்போகலாம். மனசு, தூக்கம், சர்க்கரை, விழாம இருக்குறது இதெல்லாம் கூடுதல் லாபம். நோய் வந்தப்புறம் ஓடிப் பிரயோஜனம் குறைவுங்கிறதாலதான் இப்பவே கத்துறேன். நாப்பது, அம்பது வயசுல இதைப் படிக்குற உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பத்தாயிரம் அடி நடக்கணும்னு பயந்து யாரும் கைவிட வேண்டாம். அது 1960-கள்ல ஜப்பான்ல ஒரு அடி எண்ணும் கருவியை விக்க வச்ச பேர்ல இருந்து வந்த எண். பிரிட்டனில் சுமார் 78 ஆயிரம் பேரைப் பார்த்த ஆய்வில், நாளைக்கு 3800 அடி நடந்தவர்களிடமே டிமென்ஷியா அபாயம் கால்வாசி குறைவாகத் தெரிந்தது. 3800 அடின்னா அரை மணி, முக்கால் மணி நேரம். அதையும் ரெண்டா மூணா பிரிச்சுக்கலாம். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது, அதான் சரியான வேகம். சித்திரை வெயில்ல விடியக்காலை, இல்லன்னா பொழுது சாஞ்சப்புறம். ஹவாய் செருப்பு வேண்டாம், பின்னாடி வார் இருக்குறதா போடுங்க. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவங்க பையில ரெண்டு மிட்டாய் வச்சுக்கோங்க. நாற்காலியில கையை ஊணாம எழுந்து உட்கார்றது பத்து தடவை, சுவத்தைத் தொட்டுக்கிட்டு ஒத்தைக்கால்ல நிக்கிறது. விழாம இருக்க இது நடையைவிட முக்கியம். முட்டி தேய்மானத்துக்கு நடையும் தொடைப் பயிற்சியும் சிகிச்சையிலயே சேர்ந்தது. நெஞ்சு அடைச்சாலோ தலை சுத்தினாலோ நின்னுட்டு டாக்டரைப் பாருங்க.

மறதி புதுசா, வேகமா வந்திருந்தா நடக்க வச்சு சரி பண்ணலாம்னு காத்திருக்காதீங்க. தைராய்டு, பி12, தலையில அடிபட்டு உள்ள ரத்தக் கசிவு, மனச்சோர்வு இதெல்லாம் கண்டுபிடிச்சா மாத்தக் கூடியது. காதையும் சோதிங்க. ஹார்ன் சத்தம் கேக்காத ஆள் தெருவுக்கு வரப் பயப்படத்தான் செய்வாங்க.

அம்மாவுக்கு இப்போ 73. முழுசா பழையபடி ஆகல. சில நாள் என் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி என் தம்பி பேரு வருது. ஆனா சமையல்கட்டு மறுபடி அவங்க கையில. உப்பு டப்பாவை நான் எடுத்து ஒளிச்சு வைக்கிறதில்ல. காலையில பக்கத்து வீட்டு அக்காவோட மணிக்கூண்டு வரைக்கும் போறாங்க. கத்தரிக்காய் விலைக்கு அங்க நடக்குற சண்டையில இந்த வயசுலயும் அவங்கதான் ஜெயிக்கிறாங்க.

அந்த வாய்க்கால் மூடி இன்னும் உடைஞ்சேதான் கிடக்கு. யாரோ ஒரு பலகையைப் போட்டு, மேல ஒரு கருங்கல்லை வச்சிருக்காங்க. அம்மா அந்த இடம் வந்ததும் அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு நடு ரோட்டுக்கு இறங்கி, சுத்திக்கிட்டுப் போறாங்க. பின்னாடி வர்ற வண்டி ஹார்ன் அடிக்குது.